ஏறுகிற தண்ணீருக்குக் காத்திருந்த நாள்

நம் அலுவலக மலருக்கு எழுதச் சொல்லி ஓய்வு பெற்றவளிடம் பேனாவைக் கொடுத்தால் முழங்கால் வலியில் ஆரம்பித்து ஓய்வூதியத்தில் முடிப்பாள் என்று உங்களுக்குப் பயம் இருக்கும். பயப்படாதீர்கள். ஒரே ஒரு நாளைப் பற்றித்தான் எழுதப் போகிறேன். செவ்வாப்பேட்டையிலிருந்து தினமும் ரயிலில் இடிபட்டு அலுவலகம் போய்வந்த இத்தனை வருஷத்தில், இந்த வேலைக்கு வந்தது வீண் இல்லை என்று நான் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு வீடு திரும்பிய நாள் அது.

நம் வேலை என்ன என்பது வெளியே யாருக்கும் எளிதில் புரியாது. கடலிலிருந்தும் காற்றிலிருந்தும் மின்சாரம் எடுக்க முயல்கிறவர்களுக்கும், டீசல் புகையில்லாமல் படகு ஓட்டப் பார்க்கிறவர்களுக்கும் அரசு மானியம் தருகிறது. அது சரியான ஆளுக்குப் போகிறதா, போன இடத்தில் ஏதாவது உருப்படியாக நடக்கிறதா என்று பார்ப்பது நாம். என் மாமியார் கடைசிவரை நான் ஏதோ கப்பல் கம்பெனியில் கணக்கு எழுதுகிறேன் என்றே நம்பினார். நானும் திருத்தவில்லை.

சுனாமி வந்துபோன பிறகான வருஷங்கள் அவை. கடலோரம் என்றாலே எல்லா அலுவலகங்களும் விழித்துக்கொண்டிருந்தன. அப்போதுதான் காதர் எங்களிடம் வந்தார். பழவேற்காட்டில் தலைமுறையாக ஜவுளி வியாபாரம் செய்யும் குடும்பம். இவர் மட்டும் துணி மடிக்கப் பிடிக்காமல் இரும்புப் பக்கம் வந்து, கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில் ஒரு ஷெட் எடுத்து, ஆலைகளுக்குத் தண்ணீர்த் தொட்டி செய்து கொடுத்துக்கொண்டிருந்தார்.

அவர் யோசனை எளிமையானது. பழவேற்காடு ஏரி கடலோடு சேரும் முகத்துவாரத்தில் தண்ணீர் ஒரு பொழுது உள்ளே ஏறும், ஒரு பொழுது வெளியே இறங்கும். அங்கே இரண்டு மூடிய தொட்டிகளைச் சேர்த்துக் கட்டி ஒரு மிதவை. மிதவைக்கு அடியில் ஒரு விசிறி. ஓடுகிற தண்ணீர் விசிறியைச் சுற்றும், அதில் வரும் மின்சாரம் பேட்டரியில் ஏறும், மீன்பிடிப் படகுகளின் விளக்குக்கும் சின்ன மோட்டாருக்கும் அந்த பேட்டரி போதும். எங்கள் கூட்டத்தில் ஒருவர், தொட்டி செய்கிறவருக்குக் கடலைப் பற்றி என்ன தெரியும் என்று கேட்டார். காதருக்குச் சுருக்கென்று கோபம் வந்தது.

"சார், என் தொட்டில தண்ணி உள்ள இருந்தா வெளிய போவாது. வெளிய இருந்தா உள்ள வராது. அந்த ஒண்ணு எனக்குத் தெரியும்."

அந்தப் பதிலுக்காகவே நான் அவர் பக்கம் நின்றேன் என்று சொன்னால் தப்பில்லை. பெரிய நிறுவனக்காரர்கள் வண்ண வண்ணப் படங்களோடு வருவார்கள். இவர் ஒரு அலுமினிய டிபன் டப்பாவை எங்கள் மேஜை மேல் பக்கெட் தண்ணீரில் மிதக்கவிட்டுக் காட்டினார். மானியத்தின் முதல் பகுதி கொடுத்தோம். தொழிற்பேட்டைக்குப் பின்னால் மழைநீர் தேங்கிய குட்டையில் மிதவையை இறக்கி, கரையில் டிராக்டரை ஓட்டிக் கயிற்றால் இழுத்துப் பார்த்தார்கள். விசிறி சுற்றியது. குட்டையில் சுற்றுவது பெரிய விஷயமில்லை, முகத்துவாரத்தில் சுற்ற வேண்டும்.

இங்கே பணயம் என்னவென்று சொல்லிவிடுகிறேன். நிதியாண்டு முடிவதற்குள் மதிப்பீட்டுக் குழு நேரில் வந்து பார்க்க வேண்டும். பேட்டரி உதவி இல்லாமல், ஓடும் தண்ணீரின் பலத்திலேயே மிதவை மேலிருக்கும் விளக்கு வரிசை எரிய வேண்டும். எரிந்தால் திட்டம் தொடரும். எரியாவிட்டால் 'தோல்வி' என்று எழுதி மூடிவிடுவார்கள், மிதவையை அறுத்துப் பழைய இரும்புக்குப் போடலாம். இதற்காகக் காதர் தனக்கு வந்த தொட்டி வேலைகளையெல்லாம் திருப்பி அனுப்பியிருந்தார். அவர் தோற்றால், அந்தப் பகுதியிலிருந்து இன்னொரு சின்னப் பட்டறைக்காரன் எங்கள் படியேற முடியாது என்பதும் எனக்குத் தெரியும். குழுவுக்கு ஒரே ஒரு நாள்தான் கிடைத்தது. தை அமாவாசையை ஒட்டிய நாள்.

இடம் எப்படித் தேர்வானது என்பதையும் சொல்ல வேண்டும், ஏனென்றால் வினை அங்கேதான் ஆரம்பித்தது. ஆலோசனைப் பொறியாளர் ஒருவர் நீரோட்டத்தை அளக்கும் கருவியோடு ஒரு காலை முகத்துவாரம் போனார். ஒரு வலை இல்லை, ஒரு படகு இல்லை. வெகு சந்தோஷமாக, ஓட்டம் வேகமாக இருந்த ஓர் இடத்தைக் குறித்துக்கொண்டு, 'யாரும் பயன்படுத்தாத பகுதி' என்று அறிக்கை கொடுத்தார். அன்றைக்கு ஊரில் ஒரு சாவு. சாவு விழுந்தால் அந்த ஊரில் யாரும் வலை இறக்க மாட்டார்கள். துக்கத்துக்காகச் சும்மா கிடந்த தண்ணீரை, சொந்தக்காரர் இல்லாத தண்ணீர் என்று நினைத்துவிட்டார் அந்த மனிதர். ஊரில் பெரியதனம் பார்ப்பவரிடம் காதர் போய்க் கேட்டதற்கு, "ஏரில எங்கனா ஓரமா போட்டுக்கோப்பா" என்றிருக்கிறார் அவர். எந்த இடம் என்று இவரும் சொல்லவில்லை, அவரும் கேட்கவில்லை.

குழுவின் தலைவர் டெல்லியிலிருந்து வந்த ஒரு பேராசிரியர். கண்டிப்பானவர், சாயங்காலம் விமானம் பிடிக்க வேண்டியவர், பொன்னேரி தாண்டியதிலிருந்தே கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு வந்தார். மாவட்ட நிர்வாகத்திலிருந்து ஒரு இளம் அதிகாரியும் துணைக்கு வந்திருந்தார். பழவேற்காட்டில் நாஷ்டாவை முடித்துக்கொண்டு படகேறி முகத்துவாரம் போனோம். முந்தின நாளே மிதவையை இழுத்துப் போய் முன்னும் பின்னும் நங்கூரம் போட்டிருந்தார்கள். நாங்கள் போனபோது அது அழகாக மிதந்துகொண்டிருந்தது. அதைச் சுற்றிலும் கழி ஊன்றி வலை கட்டியிருந்தது. மிதவையின் கம்பியிலேயே ஒரு படகும் கட்டியிருந்தது.

படகில் உட்கார்ந்திருந்தவர் பெயர் ஏழுமலை. நாற்பது வயது இருக்கும். எங்களைக் கண்டதும் எழுந்து நின்றார். கும்பிட்டார். சண்டைக்கு வந்த முகமே இல்லை.

"இன்னிக்கு என் பாடும்மா" என்றார்.

பாடு என்றால் அங்கே மீன்பிடிக்கும் முறை. ஏரியில் எறா, அதாவது இறால், நன்றாக விழும் இடங்கள் கொஞ்சம்தான், ஆட்கள் அதிகம். அதனால் பருவத்துக்கு முன்னால் ஊர் கூடிச் சீட்டு எடுத்து, எந்த நாள் எந்த இடம் யாருக்கு என்று முடிவு செய்துகொள்கிறார்கள். ஏரியிலிருந்து கடலுக்குத் தண்ணீர் இறங்கும்போதுதான் எறா அதோடு வெளியே போகும், வலையில் விழும். எங்கள் பொறியாளர் கண்டுபிடித்த அதே இடம், அதே இறங்கு நேரம். ஏழுமலைக்குப் போன முறை விழுந்த நாளில் புயல் அடித்துப் பாடு வீணாகியிருக்கிறது. இந்தப் பருவத்தில் இனி அவருக்கு முறை கிடையாது. சுற்றாமல் பூட்டி வைத்திருந்த விசிறியைத் திறந்துவிட்டால் வலை சின்னாபின்னமாகிவிடும், வலை இருந்தால் விசிறியைத் திறக்க முடியாது.

காதர் முகம் வெளுத்துவிட்டது. அந்த ஒரு நாளுக்கு உண்டானதைக் கொடுத்துவிடுவதாக, அதற்கு மேலும் கொடுப்பதாகச் சொன்னார். ஏழுமலை கோபப்படாமல்தான் பதில் சொன்னார்.

"பாடு இன்னா விக்கற சாமானா பாய்? நான் இன்னிக்கு வித்தா நாளைக்கு எவனும் வந்து வாங்குவான். அப்புறம் ஊரே கைய கட்டிக்கினு கரைல நிக்க வேண்டியதுதான்."

பெரியதனக்காரருக்கு ஆள் அனுப்பினோம். அவர் வந்து பார்த்துவிட்டு, சீட்டில் விழுந்த நாளை என்னால்கூட மாற்ற முடியாது என்று கையை விரித்தார். இளம் அதிகாரி என்னை ஓரமாக அழைத்துப் போய், ஸ்டேஷனுக்கு ஒரு போன் போட்டால் ஒரு மணி நேரத்தில் வலையை எடுக்க வைத்துவிடலாம் என்றார். கெட்ட பையன் இல்லை, உதவி செய்வதாகத்தான் நினைத்தார். பேராசிரியரும், அரசுப் பணத்தில் நடக்கும் சோதனையை ஒரு தனி ஆள் தடுப்பதா என்று ஆங்கிலத்தில் பொரிந்தார். போலீஸைக் கூப்பிட வேண்டும் என்றால் எங்கள் அலுவலகம் சார்பில் நான்தான் கேட்க வேண்டும். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள்.

ஒரு பக்கம் காதர், இரண்டு வருஷமாக அந்த மிதவையைத் தவிர வேறு பேச்சே இல்லாத மனிதர். இன்னொரு பக்கம் தன் முறையைத் தவிர வேறு எதையும் கேட்காத மனிதர். ஆனால் ஒன்று தெளிவாகத் தெரிந்தது. போலீஸ் நின்றால் விசிறி இன்றைக்குச் சுற்றும். நாளைக்கு நாங்கள் யாரும் இங்கே இருக்க மாட்டோம், மிதவையும் அந்த ஊரும்தான் இருக்கும். ஊர் வேண்டாம் என்று முடிவு செய்த ஒரு பொருள் அந்தத் தண்ணீரில் ஒரு வாரம் தங்காது. அதோடு, அந்த ஆளின் வலையை அறுத்துவிட்டு விளக்கு எரியவைத்து, அதைப் பார்த்து நான் கை தட்டுவதா என்று வெட்கமாகவும் இருந்தது. போன் வேண்டாம் என்றேன்.

அப்புறம் ஏழுமலையிடம் போய், அதுவரை எங்களில் யாரும் கேட்காத ஒன்றைக் கேட்டேன். வலையை எப்போது தூக்குவீர்கள் என்று.

"தண்ணி திரும்பனவுடனே தூக்கிடுவேம்மா. ஏறுற தண்ணில வலை வச்சிக்கினு நான் இன்னா பண்றது?"

"தூக்கின பிறகு அந்த இடம் யாருடையது?"

அவர் பெரியதனக்காரரைப் பார்த்தார். பெரியதனக்காரர் என்னைப் பார்த்தார். இரண்டு பேருமே இதற்கு முன் அதை யோசித்ததில்லை என்று தெரிந்தது.

"ஏறுற தண்ணிக்குப் பாடு கெடையாதும்மா" என்றார் பெரியதனக்காரர். "அது யாருக்கும் இல்ல."

யாருக்கும் இல்லை என்ற அந்தச் சொல்லைக் கேட்டதும் என் மனசு குதித்தது. இடத்துக்காக மல்லுக்கட்டிக்கொண்டிருந்தோம். நமக்கு வேண்டியது இடம் இல்லை, நேரம். காதரை இழுத்துக்கொண்டு வந்து சொன்னேன். அவர் தலையில் கை வைத்துக்கொண்டார். விசிறி ஒரு பக்கம் வரும் ஓட்டத்துக்குத்தான் சுற்றும், இறங்குகிற தண்ணீரைப் பார்த்துத்தான் அதை வைத்திருந்தார்கள்.

"மேடம், ஏறுற தண்ணி கொஞ்சம் வீக்கு. அதுல நான் ஓட்டிப் பாத்ததே இல்ல. எல்லார் முன்னாடியும் சுத்தாம நின்னுச்சுன்னா நான் காலி."

"விசிறியைத் திருப்ப முடியுமா?"

"விசிறிய திருப்ப முடியாது." மிதவையைத் திரும்பிப் பார்த்தார். பிறகு அவர் முகத்தில் ஒரு வெளிச்சம் வந்தது. "மிதவைய திருப்பலாம். மெதக்கறதுதானே."

கரையில் சிமெண்டில் கட்டிய இயந்திரமாக இருந்திருந்தால் கதை அங்கேயே முடிந்திருக்கும். தொட்டிக்காரரின் தொட்டிதான் காப்பாற்றியது.

பேராசிரியரைச் சம்மதிக்க வைப்பதுதான் பெரும்பாடு. குறித்த நேரத்தில் காட்டவில்லை என்றால் 'காட்டப்படவில்லை' என்றுதான் எழுதுவேன் என்றார். ஓடும் தண்ணீரில் காட்ட வேண்டும் என்பதுதான் நிபந்தனை, எந்தப் பக்கம் ஓடும் தண்ணீர் என்று எங்கும் இல்லை என்றேன். விமானம் என்றார். விமானம் நாளைக்கும் பறக்கும், இந்தக் குழு இந்த வருஷம் திரும்ப வராது என்றேன். நீங்கள் இப்போது போவதானால் போகலாம், ஆனால் தண்ணீர் திரும்பும்வரை நான் இங்கேதான் இருப்பேன், நான் பார்த்ததை நானும் தனியாக எழுதுவேன் என்றும் சொன்னேன். என் பதவிக்கு அது அதிகப் பேச்சு. அவர் என்னை முறைத்துவிட்டு, கரையிலிருந்த சவுக்கு நிழலில் போய் உட்கார்ந்துகொண்டார். பொன்னேரியிலிருந்து அவருக்குத் தயிர்சாதப் பொட்டலம் வரவழைத்தோம். மற்றவர்கள் ஏழுமலை வலையில் விழுந்த எறாவை அங்கேயே வறுத்துக் கொடுக்கச் சொல்லிச் சாப்பிட்டோம். அவ்வளவு ருசியான எறாவை நான் அதற்குப் பிறகு தின்றதில்லை.

அந்தக் காத்திருப்பில்தான் பெரியதனக்காரர் சீட்டு எடுக்கும் விதத்தைச் சொன்னார். ஒவ்வொரு பெயராகக் கூப்பிடுவார்கள். பெயருக்குரியவர் எழுந்து, "இருக்கேன்" என்று சொல்ல வேண்டும். மூன்று முறை கூப்பிட்டும் பதில் இல்லையென்றால் அந்தப் பருவத்துக்கு அவருக்குப் பாடு இல்லை. பதில் சொல்ல ஊர்க்காரருக்கு மட்டும்தான் உரிமை, வெளியாள் வாய் திறக்கக் கூடாது.

பிற்பகல் சாயும் நேரத்தில் தண்ணீர் தயங்கி நின்றது. ஏழுமலை சொன்ன சொல் தவறாமல் வலையைத் தூக்கினார். நல்ல பாடு, கூடை நிறைந்திருந்தது. காதரின் ஆட்கள் நங்கூரத்தை எடுத்து மிதவையைத் திருப்பப் பார்த்தார்கள். பட்டறையில் கெட்டிக்காரர்கள்தான், தண்ணீரில் கால் நிற்கவில்லை. மிதவை நகர்வேனா என்றது. தண்ணீர் ஏற ஆரம்பித்துவிட்டது. காதர் கத்திக் கத்தித் தொண்டை கட்டிக்கொண்டார்.

வீட்டுக்குக் கிளம்பிக்கொண்டிருந்த ஏழுமலை படகைத் திருப்பினார். யாரும் கேட்கவில்லை. ஒரு கயிற்றை வீசச் சொல்லித் தன் படகில் கட்டிக்கொண்டு, பக்கத்தில் வலை தூக்கிக்கொண்டிருந்த இரண்டு படகையும் கைகாட்டிக் கூப்பிட்டார்.

"எனக்காக இம்மா நேரம் நின்னாங்க" என்று அவர்களிடம் சொன்னார். "சும்மா பாத்துக்கினு போவ முடியுமா?"

மூன்று படகும் சேர்ந்து இழுத்ததில் மிதவை முனகிக்கொண்டே திரும்பி, காலையில் நின்ற அதே இடத்தில் எதிர்ப்பக்கம் பார்த்து நின்றது. காதர் விசிறியின் பூட்டை எடுத்தார். விசிறி ஒரு சுற்று சுற்றியது, உதறியது, நின்றுவிட்டது. விளக்கு ஒன்றும் எரியவில்லை. பேராசிரியர் சவுக்கு நிழலிலிருந்து எழுந்து நின்று பார்த்துக்கொண்டிருந்தார்.

குழுவுக்காகப் போட்டிருந்த புதுச் சட்டையோடு காதர் தண்ணீரில் குதித்தார். ஏரிப்பாசி ஒரு கொத்து விசிறியின் அச்சில் சுற்றிக்கொண்டிருந்திருக்கிறது. மேலே வந்து, மூச்செடுத்து, மறுபடி முங்கினார். இரண்டு கை நிறையப் பாசியோடு அவர் தலையைத் தூக்கி மிதவையைப் பிடித்துக்கொண்டபோது, அடியில் விசிறி அசைந்தது. முதலில் சோம்பலாக, பிறகு ஒரே சீராக. விளக்கு வரிசையில் முதல் விளக்கு சிவப்பாகக் கண் திறந்தது, இரண்டாவது, மூன்றாவது. பொழுது சாய்கிற நேரம். வரிசை முழுக்க வெள்ளையாக எரிந்து, வெளிச்சம் தண்ணீரில் விழுந்தபோது, வேடிக்கை பார்க்கக் கரையில் கூடியிருந்த ஊர் மொத்தமும் ஆரவாரம் செய்தது. நான் அழுதேன். மூக்கைச் சிந்திக்கொண்டே சிரித்தேன்.

பேராசிரியர் ஷூவைக் கழற்றி வைத்துவிட்டு, பேண்ட்டை மடித்துக்கூட விடாமல் முழங்கால் தண்ணீருக்குள் நடந்து போனார். சொட்டச் சொட்ட நின்ற காதரின் கையைப் பிடித்தவர் விடவே இல்லை. விமானம் போய்விட்டது. அதைப் பற்றி அவர் கேட்கவும் இல்லை. அறிக்கையில் அவர் எழுதியதை நான் பலமுறை படித்திருக்கிறேன். இரண்டு பக்கமும் சுற்றும் விசிறிக்கு இந்தப் பட்டறைக்கே அடுத்த மானியம் கொடுக்க வேண்டும் என்று அவரே கேட்டு எழுதியிருந்தார். கொடுத்தோம். கும்மிடிப்பூண்டி ஷெட்டுக்குப் பக்கத்து ஷெட்டையும் காதர் எடுத்துக்கொண்டார். அதன் பிறகு காக்களூரிலிருந்தும் மீஞ்சூரிலிருந்தும் சின்னப் பட்டறைக்காரர்கள் எங்கள் அலுவலகப் படியேறி வர ஆரம்பித்தார்கள். டிபன் டப்பா மிதக்கவிட்டவருக்குக் கொடுத்தீர்களாமே என்று கேட்டுக்கொண்டு.

நீங்கள் நாளைக்கு ஒரு கடற்கரைக்குப் போவீர்கள். காலியாகத் தெரிகிற இடத்தைக் காட்டி யாரும் இல்லை என்பார்கள். இன்றைக்கு ஏன் யாரும் இல்லை என்று கேளுங்கள். எதிரே நிற்கிறவர் முடியாது என்றால், எப்போது முடியாது என்று கேளுங்கள். அவசரத்தில் நம் கைக்கு முதலில் வருவது அதிகாரம்தான். அதைக் கொஞ்ச நேரம் பையிலேயே வைத்திருக்கப் பழகிக்கொண்டால் போதும்.

இன்னும் ஒன்று சொல்லி முடிக்கிறேன். அடுத்த பருவத்துக்கு ஊரில் சீட்டு எடுத்த நாளில் காதரையும் என்னையும் வரச் சொல்லியிருந்தார்கள். இன்று யாருக்கும் இல்லாத தண்ணீர் நாளைக்குச் சண்டைக்கு வரும், அதனால் ஏறுகிற தண்ணீரையும் முறையோடு கொடுத்துவிட வேண்டும் என்று பெரியதனக்காரர் முடிவு செய்திருந்தார். நாங்கள் ஓரமாகப் போய் உட்கார்ந்தோம். பெயர்கள் ஒவ்வொன்றாக வந்தன. ஒவ்வொருவராக எழுந்து பதில் சொன்னார்கள். கடைசியில் பெரியதனக்காரர் கூப்பிட்டார்.

"ஏறுற தண்ணி. மிதவை."

யாரும் எழுந்திருக்கவில்லை. காதர் என்னைப் பார்த்தார். நாங்கள் வெளியாட்கள், பதில் சொல்ல முடியாது. மிதவைக்கு ஊரில் யார் இருக்கிறார்கள் என்று நாங்கள் யோசிக்கவே இல்லை. இரண்டாம் முறையும் கூப்பிட்டார். காதரின் கை என் கைப்பையின் வாரைப் பிடித்துக்கொண்டது. மூன்றாம் முறைக்குப் பெரியதனக்காரர் வாயெடுத்தபோது பின்னால் யாரோ எழுந்திருக்கும் சத்தம் கேட்டது. ஏழுமலை.

"இருக்குது" என்றார். "அதுக்கு நான் இருக்கேன்."

பெரியதனக்காரர் தலையசைத்துவிட்டுச் சீட்டை எடுத்தார்.